ஹோல்டான்: எனக்குத் தெரிந்த இங்கிலீஷ்

தோளில் பை மாட்டிக்கொண்டு புதிதாகக் கண்டக்டர் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் ஒருவன் என் சின்ன மகன். அதனால் உங்கள் எல்லோரையுமே பிள்ளைகள் என்று சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். டிக்கெட் போடுவதும் கணக்கு முடிப்பதும் இப்போது மிஷினே பார்த்துக்கொள்கிறது, அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இங்கிலீஷ் சொல் இருக்கிறது. ஹோல்ட். அதை வைத்துத்தான் ஜவ்வாது மலைப் பாதையில் என் வேலைக் காலம் முழுவதும் ஓடியது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளில். தனியார் வண்டி. சாயங்காலம் மலை ஏறி ஜமுனாமரத்தூரில் இரவு தங்கும். விடிந்ததும் இறங்கும். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, படுதாதான். மழை வந்தால் படுதாவை இறக்கிவிட்டு, உள்ளே புளி மூட்டை வாசனையிலும் ஈரத்துணி வாசனையிலும் எல்லோரும் உட்கார்ந்திருப்போம். அந்த வாசனை இப்போதும் எங்காவது மளிகைக் கடையில் வந்தால் கை தானாக விசிலைத் தேடுகிறது.

வண்டிக்கு ஒரு நோய் இருந்தது. செல்ஃப் எடுக்காது. இன்ஜினை நிறுத்திவிட்டால் ஆட்களை இறக்கித் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். அதனால் எங்கள் டிரைவர் காலையில் கிளப்பினால் டிரிப் முடிகிறவரை இன்ஜினை நிறுத்தவே மாட்டார். அவர் டீ குடிக்கும்போது அது பக்கத்தில் உறுமிக்கொண்டே நிற்கும். அவர் கல்யாணப் பேச்சுகூட அந்த உறுமலுக்கு நடுவில்தான் நடந்தது என்று சொல்லிக்கொள்வார்.

முதல் நாள், ஒரு வளைவில் இறங்க வேண்டிய ஆள் எழுந்து நின்றார். நான் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். வண்டி போய்க்கொண்டே இருந்தது. அந்த ஆள் என்னைத் திட்டித் தீர்த்த பிறகு, எங்கேயோ தள்ளிப் போய் நின்றது.

"இன்னாய்யா, கூப்ட்டியா?" என்றார் டிரைவர்.

"எவ்ளோ நேரமா கத்தறேன் ணா, நிறுத்துங்க நிறுத்துங்கன்னு."

"நிறுத்துன்னு வண்டியில ஏறனவன் எல்லாந்தான் கத்துவான். கோழி வந்தா கோழியும் கத்தும். எல்லாத்துக்கும் பிரேக்கு போட்டா நாளைக்குத்தான் மலை ஏறுவோம். நீ ஹோல்டான்னு சொல்லு. அத நீ ஒருத்தன்தான் சொல்லணும். நீ சொன்னா இன்னாத்துக்குன்னு கேக்க மாட்டேன். மொதல்ல நிப்பேன். அப்பால கேப்பேன்."

அவர் என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவர். ஆனால் அன்று சொன்னதைக் கடைசிவரை மீறவில்லை. வண்டிக்குள் ‘ஹோல்டான்’, வண்டிக்கு வெளியே ஒரு விசில். இரண்டும் நிற்பதற்கு. ‘ரைட்’ என்றாலோ இரண்டு விசில் ஊதினாலோ போகலாம். நான் ரைட் சொல்லாமல் அவர் கியரைத் தொட மாட்டார். மலை ஜனங்களும் அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை வைத்திருந்தார்கள். நிறுத்து, நில்லு, இறக்கி விடு என்று எதை வேண்டுமானாலும் சொல்வார்கள். ஹோல்டான் என்று விளையாட்டுக்குக்கூடச் சொன்னதில்லை.

அதன் பிறகு அந்தச் சொல் எனக்கு எங்கே போனாலும் எதிர்ப்பட்டது. பட்டறையில் மெக்கானிக், "பிரேக்குல ஹோல்டிங் பத்தல" என்றார். சக்கரத்தைக் கவ்வவில்லை என்று அர்த்தம். பஸ் நிலையத்தில் டைம் கீப்பர், "செங்கம் வண்டி வர்ற வரைக்கும் ஹோல்ட் பண்ணு" என்பார். அங்கே அது அடுத்தவனுக்காகக் காத்திருப்பது. ஆபீசில் டெலிபோன் பேசினால் அந்தப் பக்கம் ஒரு குரல் "ஹோல்ட் ஆன்" என்று சொல்லிவிட்டு எங்கேயோ போய்விடும். வைத்துவிடாமல் காதோடு வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரே சொல் பட்டறையில் ஒன்று, ஆபீசில் ஒன்று. எனக்கு அது பிடித்திருந்தது. தெரிந்த ஆளை வேறு வேறு ஊரில் பார்ப்பது மாதிரி இருந்தது.

இந்த நிலையில்தான் தனலட்சுமி வண்டியில் ஏறினாள். மலை ஏறி வரும்போது ஜமுனாமரத்தூருக்குக் கொஞ்ச தூரம் முன்னால், ரோட்டோரம் ஒரு பாறை. அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறினால் அவர்கள் ஊர். அவள் அப்பா சடையன் சாமையும் புளியும் விளைவிக்கிறவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். மகளை அடிவாரத்து ஊரில் ஹாஸ்டலில் விட்டுப் பத்தாவது வரைக்கும் படிக்க வைத்தார். மார்ச் பரீட்சையில் அவள் எல்லாவற்றிலும் தேறி, இங்கிலீஷில் போய்விட்டாள். ஹாஸ்டல் முடிந்து வீட்டுக்கு வந்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொந்தக்காரர்கள் நடையாய் நடந்தார்கள். சடையன் அவர்களிடம் ஒரு வாய்தா வாங்கியிருந்தார். மழைக்காலத்தில் வருகிற மறு பரீட்சை வரைக்கும். அதில் தேறினால் டீச்சர் டிரெய்னிங். தேறாவிட்டால் தை மாதம் கல்யாணம்.

சந்தை நாளில், பகல் டிரிப்பில், அப்பாவோடு ஜமுனாமரத்தூர் வரும்போதெல்லாம் அவள் கையில் கைடு இருக்கும். ஒரு நாள் என்னைக் கேட்டாள்.

"ண்ணா, நீங்க எப்பவும் ஹோல்டான் சொல்றீங்களே. கைடுல ஹோல்டுன்னா பிடின்னு போட்டிருக்குது. ஆனா நீங்க சொன்னா வண்டி நிக்குது. அது எப்பிடி?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மெக்கானிக், டைம் கீப்பர், டெலிபோன் எல்லாவற்றையும் சொன்னேன். "எல்லாம் பிடிக்கிறதுதாம்மா. நெனச்சுப் பாரு. சக்கரத்தப் பிடிக்கிறான், வண்டியப் பிடிச்சு வெக்கிறான், லைன விடாமப் பிடிச்சிருக்கான்."

"இதுல இன்னும் நெறைய இருக்குது ண்ணா. ஹோல்ட் ஃபாஸ்ட்னா கெட்டியாப் பிடி. ஹோல்ட் குட்னா செல்லும். ஹோல்ட் யுவர் டங்னா..." என்று கைடைப் பார்த்தாள். "பேசாதே."

"அத உங்கம்மாவுக்கு மொதல்ல சொல்லிக் குடு" என்றார் சடையன்.

முன்னாலிருந்து டிரைவர், "டங்குன்னா நாக்குதானே? நம்ம கண்டக்டருக்கும் சொல்லும்மா, நாள்பூரா பேசறான்" என்றார். பஸ்ஸே சிரித்தது. அந்த மாதங்களில் எங்கள் வண்டியில் கொஞ்சம் இங்கிலீஷ் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பரீட்சைக்கு முந்தின நாளே கீழே போய்விடுவதென்று சடையன் ஏற்பாடு செய்திருந்தார். அன்று மழை பிடித்துக்கொண்டு வண்டி ஏதும் மலைக்கு வரவில்லை. நாங்களும் ஜமுனாமரத்தூரிலேயே கிடந்தோம். பரீட்சை அன்று விடிகாலையில் மழை விட்டது. வண்டியை எடுத்தோம். பாறைக்குப் பக்கத்தில் அப்பாவும் மகளும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவள் தலை வாரிப் பூ வைத்திருந்தாள். கைடும் ஹால் டிக்கெட்டும் பிளாஸ்டிக் பையில்.

"பத்து மணிக்குப் பரீட்ச ண்ணா. பூடுவோமா?"

"தாராளமா பூடலாம்" என்றேன்.

மலையிறக்கம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு கானாறு. குறுக்கே தரைப்பாலம். போய்ப் பார்த்தால் பாலத்தின் மேல் செம்மண் தண்ணீர் ஓடுகிறது. ஆழம் முழங்காலுக்கு மேல் இருக்கும். அக்கரையில் மஞ்சள் வண்டி ஒன்று வந்து நின்றிருந்தது. எங்களுக்குப் போட்டி வண்டி. சந்தை நாளில் எங்களுக்கு முன்னால் போய் ஆட்களை வாரிக்கொண்டு போகும். அந்த வண்டிக் கண்டக்டருக்கும் எனக்கும் அதனால் பேச்சுவார்த்தை இல்லை.

"போன வருசம் இத்தவிட ஜாஸ்தி தண்ணியில போனமே" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். "உட்டுடு சாமி, கொயந்தைக்குப் பரீட்ச" என்றார் சடையன். டிரைவர் முதல் கியருக்கு மாற்றினார். நான் படியில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். பாலத்தில் தண்ணீர் விழுகிற இறக்கத்துப் பக்கம் வரிசையாக வெள்ளையடித்த கற்கள் நட்டிருப்பார்கள், ஓரம் தெரிவதற்காக. அவற்றின் தலைகள் தண்ணீருக்கு மேல் தெரிந்தன. நடுவில் ஒரு கல் இல்லை.

முன்சக்கரம் தண்ணீரைத் தொட்டது.

"ஹோல்டான்!"

வண்டி நின்றது. அப்புறம்தான் கேட்டார். "இன்னாய்யா?"

"ஒரு கல்லக் காணோம் ணா."

"எவனாவது மாடு கட்டறவன் புடுங்கினு போயிருப்பான்."

"மாடு கட்டறவனா, தண்ணியா, தெரியாது. ஓரம் போயிருந்தா?"

"அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாருய்யா."

பார்த்தேன். அதைத்தான் நான் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தேன். அவள் அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சடையன் என் காலைத் தொட வந்துவிட்டார். பின் சீட்டில் ஒருவர், "கண்டக்டருக்குப் பயம், பொடவ கட்டி உடுங்க" என்றார். நான் ரைட் சொல்லவில்லை. டிரைவர் என்னை நாலு வார்த்தை திட்டினார். ஆனால் வண்டியைப் பின்னால் எடுத்து மேட்டில் நிறுத்தினார். இன்ஜினை மட்டும் நிறுத்தவில்லை.

பிள்ளைகளே, வேண்டாம் என்று சொல்வதோடு வேலை முடியாது. நிறுத்தியவன்தான் அடுத்து என்ன என்றும் யோசிக்க வேண்டும். மலைத் தண்ணீர் வந்த வேகத்தில் வடியும். தண்ணீரின் விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டு நின்றேன். எங்கள் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. பாலம் மூழ்கினால் இரண்டு வண்டியும் இரண்டு கரையில் நிற்கும். தண்ணீர் இறங்கியதும் ஆட்கள் நடந்து கடந்து வண்டி மாறிக்கொள்வார்கள். இந்த வண்டி மேலே திரும்பும், அந்த வண்டி கீழே திரும்பும். யாருடைய டிக்கெட்டும் எந்த வண்டியிலும் செல்லும். அதைத்தான் நம்பியிருந்தேன்.

தனலட்சுமி படிக்கட்டில் உட்கார்ந்து கைடைப் பிரித்தாள். தனக்குத் தானே படித்தாள். "ஹோல்ட் வாட்டர்..."

டிரைவர் மனசு கேட்காமல் அவள் பக்கத்தில் வந்து, "இந்தத் தண்ணிய யாரும்மா புடிக்கிறது?" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் வைத்த கல்லுக்குக் கீழே ஈர மண் ஒரு சாண் தெரிந்தது. தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் அக்கரையில் மஞ்சள் வண்டி திரும்ப ஆரம்பித்தது. அதன் டிரைவர் சமவெளியிலிருந்து புதிதாக வந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது. பின்னால் எடுத்து, ஒடித்து, முகத்தை இறக்கத்துப் பக்கம் திருப்பிவிட்டார். போய்விட்டால் தனலட்சுமிக்கு வேறு வண்டி கிடையாது. கத்தினேன். ஆற்றுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

விசிலை எடுத்து, மூச்சு முட்ட, ஒரே விசில்.

மஞ்சள் வண்டி குலுங்கி நின்றது.

ஊதினது யார் என்று டிரைவரின் கால் கேட்பதில்லை. ஒரு விசில் என்றால் பிரேக். மலையில் ஓட்டினாலும் சமவெளியில் ஓட்டினாலும் அந்தக் கால் ஒன்றுதான். அந்த டிரைவர் இறங்கித் தன் கண்டக்டரைப் பார்த்துக் கையை ஆட்டினார். கண்டக்டர் தன்னிடம் விசிலே இல்லை என்று வாயைக் காட்டினார். பிறகு இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

பேச்சுவார்த்தை இல்லாத ஆளிடம் ஆற்றுக்கு இந்தப் பக்கமிருந்து எப்படிப் பேசுவது? தனலட்சுமியைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினேன். ஹால் டிக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். கைடைக் காட்டினேன். கீழே என் கல்லையும் ஈர மண்ணையும் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பாறை மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. உட்கார்ந்துவிட்ட ஆள் போகமாட்டார்.

தண்ணீர் முழங்காலுக்குக் கீழே வந்ததும் கூரையில் மூட்டை கட்டுகிற கயிற்றை அவிழ்த்தோம். ஒரு முனையை எங்கள் பம்பரில் கட்டினோம். மறுமுனையோடு டிரைவர்தான் முதலில் இறங்கினார். தண்ணீர் வருகிற ஏற்றத்துப் பக்கமாகவே காலால் தடவித் தடவிப் போனவர், நடுப்பாலத்தில் நின்று, ஒரு காலை மட்டும் இறக்கத்துப் பக்கம் நீட்டிப் பார்த்தார். கால் கீழே போய்க்கொண்டே இருந்தது. அங்கே பாலமே இல்லை. வண்டிச் சக்கரம் முழுசாக உள்ளே போகிற அளவுக்கு ஓரம் அறுந்திருந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கயிற்றைக் கொண்டுபோய் அக்கரை மரத்தில் கட்டினார்.

ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். ஹால் டிக்கெட்டும் கைடும் என் தோல்பைக்குள். எனக்கு முன்னால் தனலட்சுமி, அவளுக்கு முன்னால் சடையன்.

"கெட்டியாப் புடி, கெட்டியாப் புடி" என்று அவர் கத்திக்கொண்டே போனார்.

"ஹோல்ட் ஃபாஸ்ட், நைனா. நீயும் புடி" என்றாள் அவள், பல் தந்தியடிக்க.

அக்கரையில் மஞ்சள் வண்டிக் கண்டக்டர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். நான் அவர்கள் டிக்கெட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.

"அதெல்லாம் செல்லும், நீ ஒண்ணும் வெளக்க வேணாம்" என்றார் கடுகடுவென்று. பிறகு, "விசிலா அது? என் வண்டி ஆக்சிலே எகிறிடுச்சி" என்றார். இரண்டு வருஷத்தில் எங்களுக்குள் அதுதான் முதல் பேச்சு.

அவர்களுடைய ஆட்களை ஏற்றிக்கொண்டு நாங்கள் மேலே திரும்பினோம். என் கை மட்டும் பையைத் தடவிக்கொண்டே இருந்தது, ஹால் டிக்கெட்டைக் கொடுத்தேனா என்று. கொடுத்துவிட்டேன். ஆனால் போய்ச் சேர்ந்தாளா என்றுதான் தெரியவில்லை. மறுநாள் பாலத்து ஓரத்தில் வண்டி மாற்றும்போது மஞ்சள் வண்டிக் கண்டக்டரே வந்து சொன்னார்.

"ஸ்டாண்டுக்குப் போவல. நேரா ஸ்கூல் வாசலுக்கே உட்டோம் வண்டிய. கேட்டு சாத்தப் போனான் ஒருத்தன். நான் ஒரு விசில் ஊதுனேன் பாரு, அப்பிடியே நின்னுட்டான்."

"உங்கிட்டதான் விசிலே இல்லியே?"

"உன்னால மானம் போயி வழியில வாங்குனேன்யா."

அடுத்த சந்தைக்குத் தனலட்சுமி வந்தபோது எல்லோரும் கேட்டது ஒன்றுதான். "ஹோல்ட் வந்துச்சா?"

"வரல ண்ணா. டேக்கு, அதான் எடு, அது வந்துச்சு."

"இவன் பேச்சக் கேட்டா இப்பிடித்தான்" என்றார் டிரைவர் என்னைக் காட்டி.

அதற்குப் பிறகு சடையன் வண்டி ஏறினால் மகளுடைய பரீட்சை நம்பரைத்தான் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர், அதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்திருந்தார். எனக்கும் டிரைவருக்கும் சொல்லிச் சொல்லி ஏற்றிவிட்டார். "பேப்பர்ல வருமாமே, பாத்துக்கினே இருங்க சாமி" என்பார். தை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் கீழே வண்டி எடுக்கும் நேரத்தில் பேப்பர் வந்தது. படியில் நின்று விரலை வைத்துத் தேடினேன். மூன்று முறை பார்த்தேன். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். டிரைவரிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

சாயங்காலம் பாறை வந்தது. இறங்க ஆள் இல்லை. ஏற ஆள் இல்லை. ரோடு காலி.

"ஹோல்டான்" என்றேன்.

வண்டி நின்றது. டிரைவர் ரோட்டைப் பார்த்தார், கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னாய்யா?"

பேப்பரைப் பிரித்து அவர் மடியில் வைத்து, விரலை வைத்துக் காட்டினேன். அவருக்கும் நம்பர் மனப்பாடம்தானே. வாய் அசைய ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் அழுத்தினார். மலை இரண்டு பக்கமும் திருப்பிச் சொன்னது. மேலே தூரத்தில் சாமைக் கொல்லையில் யாரோ நிமிர்ந்து நிற்பது தெரிந்தது. கை வீசினேன். அந்த ஆள் ஏதோ கத்தினார். இன்ஜின் உறுமலில் கேட்கவில்லை.

"இன்னா சொல்றாரு?" என்றார் டிரைவர்.

"கேக்கல ணா."

அவர் இன்ஜினை நிறுத்தினார்.

அந்த வண்டி ரோட்டில் சத்தமில்லாமல் நின்று யாரும் பார்த்ததில்லை. காற்று கேட்டது. மேலே ஒற்றையடிப் பாதையில் கல் உருளுகிற சத்தம் கேட்டது. "சாமி! நம்பரு வந்துச்சா சாமி!" என்று சடையனின் குரல் கேட்டது. அதற்கும் முன்னால் கொலுசு ஓடி வருகிற சத்தம்.

"அவசரப்பட்டு நிறுத்திட்டனேய்யா" என்றார் டிரைவர் மெதுவாக. "இனி தள்ளணுமே."

தள்ளினோம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பொம்பளைகளும் இறங்கினார்கள். நடுவில் சடையன் தோள் கொடுத்தார், ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் தனலட்சுமி. வண்டி நகர்ந்து, திணறி, இன்ஜின் பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஓடி ஏறினார்கள். நான் கடைசியாகப் படியில் காலை வைத்து விசிலை வாயில் வைத்தேன். அதற்குள் ரோட்டில் நின்றிருந்த தனலட்சுமி, வண்டியின் முதுகில் இரண்டு தட்டு தட்டினாள்.

"ரைட்!"

டிரைவர் கியரைப் போட்டார். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் ரைட் சொன்னது நான் இல்லை.